அட்டையில் அவர் படம், உள்ளே எந்தக் குரல்? பழைய பாட்டு வாங்கும்போது எதை எடுப்பது

பெரியப்பா ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் வளர்ந்தவர். அக்கம்பக்கத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். சாயங்காலம் ஆனால் ஏதாவது ஒரு வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலியின் ஆங்கிலப் பாட்டு ஓடிக்கொண்டிருக்குமாம். எம்எஸ்வி எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு அமெரிக்கப் பாடகர் சக் பெர்ரியும் அவருக்குப் பிடிக்கும். சதாபிஷேகத்துக்கு வேட்டி சட்டை வாங்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நாம் பாட்டு வாங்கித் தருவோம் என்று ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் பாட்டுகள் அடங்கிய சிடி பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். மூன்று சிடி, அறுபது பாட்டு. அட்டையில் அந்தக் காலத்துக் கார், ஜூக்பாக்ஸ், பாடகர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். தங்க எழுத்தில் 'ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட்ஸ்'.

முதல் பாட்டு ஓடி பத்து நொடி ஆகியிருக்காது.

"டேய், இது அது இல்லடா."

"அவரேதான் பெரியப்பா. அட்டையிலேயே போட்டிருக்கே."

"அவர்தான். ஆனா அது இல்ல."

பெட்டியைத் திருப்பினேன். பார்கோடுக்குக் கீழே, கறுப்பு அட்டையில் சாம்பல் நிற எழுத்து. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தால்தான் படிக்க முடிந்தது. இந்தப் பாட்டுகளில் பலவும் பிற்காலத்தில் அதே பாடகர்களாலோ, அந்தக் குழுவில் முன்பு இருந்த ஒருவராலோ சிலராலோ புதிதாகப் பாடிப் பதிவு செய்யப்பட்டவை என்று இருந்தது. அதாவது அட்டை பொய் சொல்லவில்லை. ஆர்ட்டிஸ்ட் ஒரிஜினல்தான், பதிவுதான் ஒரிஜினல் இல்லை.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டினேன். பழைய பாட்டு வாங்கப் போகிறவர் முன்னால் பொதுவாக மூன்று சரக்கு இருக்கும். முதன்முதலில் வெளிவந்த அசல் பதிவு, அதே பாடகர் பின்னால் திரும்பப் பாடியது, வேறு யாரோ பாடிய கவர் வெர்ஷன். மூன்றுக்கும் அட்டை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால்தான் இவ்வளவு குழப்பம். (ஒரு சின்ன எச்சரிக்கை: நம் சினிமா வட்டாரத்தில் ரீரெக்கார்டிங் என்றால் பின்னணி இசை சேர்ப்பது. இங்கே அந்தப் பொருளில் சொல்லவில்லை. அதனால் 'திரும்பப் பாடியது' என்றே எழுதுகிறேன்.)

முதலில் கவர் வெர்ஷன். இது ஏன் இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை, அதைப் பாடிப் பதிந்த ஒலிக்கு வேறோர் உரிமை. இரண்டும் பெரும்பாலும் வேறுவேறு கைகளில் இருக்கும். அமெரிக்காவில் 1909 சட்டத்திலிருந்தே, ஒருமுறை பதிவாகி வெளிவந்த பாட்டை யார் வேண்டுமானாலும் நிர்ணயித்த ராயல்டி கட்டித் தாங்களும் பதிவு செய்துகொள்ளலாம். அசல் ஒலிப்பதிவை நகலெடுத்தால் குற்றம். அதே மாதிரி ஆள் வைத்துப் பாட வைத்தால் குற்றமில்லை.

இங்கிலாந்தில் 1968 முதல் 1985 வரை 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற பெயரில் மலிவு விலை எல்பி இசைத்தட்டு வரிசை ஒன்று வந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்து ஹிட் பாட்டுகளை ஸ்டூடியோ பாடகர்களை வைத்து அவசர அவசரமாகப் பாடிப் பதிந்து விற்றார்கள். பிபிசியின் புகழ்பெற்ற டிவி நிகழ்ச்சிக்கும் அதே பெயர்தான், இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அட்டையில் ஒரு மாடல் அழகி சிரித்துக்கொண்டிருப்பார், பாடியவர்கள் பெயர் மட்டும் இருக்காது. 1971இல் இந்த வரிசை ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே போய்விட்டது. அப்புறம் மலிவு விலைத் தட்டுகளைப் பட்டியலில் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். பெரிய பெயர் எடுப்பதற்கு முன்னால் எல்டன் ஜான்கூட இந்த மாதிரி மலிவுத் தட்டுகளில் கூலிக்குப் பாடியிருக்கிறார். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்பது வேறு கதை.

நம் நாட்டில் இதன் பொற்காலம் கேசட் காலம். எச்எம்வி கையில் பழைய இந்திப் பாட்டுகளின் அசல் பதிவுகள் இருந்தன, விலையும் அதிகம். டி சீரிஸ் கம்பெனி அதே பாட்டுகளைப் புதுக் குரல்களில் பதிந்து குறைந்த விலைக்குப் பெட்டிக்கடை வரை கொண்டுபோய் இறக்கியது. சோனு நிகம் ஆரம்பத்தில் கவனம் பெற்றதே டி சீரிஸுக்காக முகமது ரஃபியின் பாட்டுகளைப் பாடித்தான். கேசட்டின் தலைப்பிலேயே ரஃபி பெயர் இருக்கும். அவசரத்தில் வாங்குகிறவர் கண்ணில் எது படும் என்று நினைக்கிறீர்கள்?

வழக்கு என்றால் 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' வழக்கைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் படத்தின் பாட்டு உரிமை எச்எம்வியின் கிராமபோன் கம்பெனியிடம் இருந்தது. டி சீரிஸ் அதே பாட்டுகளை வேறு குரலில் பதிந்து, ஏறக்குறைய அதே தலைப்பு, அதே மாதிரி நிறம், சல்மான் கான் படம் எல்லாம் போட்டு வெளியிட, விஷயம் தொண்ணூறுகளில் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. கவர் பதிவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அசல் கேசட்டைப் போன்ற வடிவமைப்பு கூடாது, இது படத்தின் மூல ஒலிப்பதிவு அல்ல, வேறு பாடகர்கள் பாடியது என்று கண்ணில் படும்படி தடித்த எழுத்தில் போட வேண்டும் என்றது. சண்டை முழுக்க அட்டை மேல்தான்.

சட்டமும் அதே வழியில்தான் வந்திருக்கிறது. 2012இல் திருத்திய இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவைப் பாருங்கள். முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகாமல் கவர் பதிவு செய்ய முடியாது. ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும். முக்கியமானது இதுதான்: மக்களைக் குழப்பும் அட்டையில் விற்கக் கூடாது, முந்தைய பதிவில் பாடியவரின் பெயரோ படமோ, அந்தப் பாட்டு வந்த சினிமாவின் பெயரோ படமோ போடக் கூடாது, இது கவர் வெர்ஷன் என்று அட்டையிலேயே அச்சிட வேண்டும். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஓட்டை ஒன்று உண்டு. இந்த நிபந்தனையெல்லாம் அந்தச் சட்டப்படியான உரிமத்தில் பதிவு செய்பவர்களுக்குத்தான். பாட்டின் உரிமையாளரிடம் நேரடியாகப் பேசி அனுமதி வாங்கியவரை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது.

அதே சட்டத்தில் 52ஏ என்றொரு பிரிவும் இருக்கிறது. பதிவு செய்தவரின் பெயர், முகவரி, உரிமையாளரின் பெயர், முகவரி, முதலில் வெளிவந்த ஆண்டு மூன்றும் ஒலிநாடாவிலும் அதன் உறையிலும் இருக்க வேண்டும். கேசட்டோ சிடியோ கையில் எடுத்தவுடன் இந்த மூன்றையும் தேடுங்கள். இல்லை என்றால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

சட்டத்துக்கு வெளியிலும் ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே நடந்தது. அம்மாவுக்குக் கந்த சஷ்டி கவசம் என்றால் சூலமங்கலம் சகோதரிகள்தான். ஒருமுறை கோயில் வாசல் கடையில் வாங்கி வந்த சிடியில் முருகன் படம் பெரிதாக, கவசத்தின் பெயர் அதைவிடப் பெரிதாக இருந்தது. பாடியது யார் என்பது பின்பக்கத்தில் கடைசி வரி. காலையில் போட்டவுடன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இது யாரு புதுசா?" என்றார். தேவராய சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய வரிகளுக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது, யாரும் பாடலாம். பாடியவரும் நன்றாகத்தான் பாடியிருந்தார். அம்மா காது முப்பது வருஷமாகப் பழகியது வேறு குரலுக்கு, அவ்வளவுதான். பக்திப் பாட்டு வாங்கும்போது சாமி படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், பாடியவர் பெயரைக் கேட்டு எடுங்கள்.

கவர் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். லதா மங்கேஷ்கர் 1992இல் 'ஷ்ரத்தாஞ்சலி' என்று சைகல், ரஃபி, முகேஷ், கிஷோர் பாட்டுகளைத் தாமே பாடி வெளியிட்டார். தலைப்பே அஞ்சலி என்கிறது, அட்டையும் அதைத்தான் சொல்கிறது. அதை வாங்கிவிட்டு "ரஃபி குரல் எங்கே" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது திரும்பப் பாடியது. மூன்றில் மிகவும் வழுக்கலானது இதுதான். கவரை பத்து நொடியில் கண்டுபிடித்துவிடலாம், குரலே வேறு. இதில் குரல் அதேதான், ஆனால் என்னவோ சரியில்லை. நாம் பலமுறை நம் காதைத்தான் சந்தேகப்படுவோம். பெரியப்பாவைப் போல "அவர்தான், ஆனா அது இல்ல" என்று சொல்ல எல்லோருக்கும் வராது.

ஏன் திரும்பப் பாடுகிறார்கள்? பெரும்பாலும் கம்பெனி மாறியதால். அசல் பதிவு பழைய கம்பெனியின் சொத்து. புதுக் கம்பெனிக்கு அந்த ஹிட் பாட்டுகள் வேண்டும், அதனால் ஸ்டூடியோவுக்குப் போய் மறுபடி பாடச் சொல்வார்கள். எவர்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் கேடன்ஸ் கம்பெனியிலிருந்து வார்னருக்குப் போனார்கள். 1964இல் 'வெரி பெஸ்ட்' என்று வந்த அவர்கள் தொகுப்பில் கேடன்ஸ் காலத்து ஹிட்டெல்லாம் புதிதாகப் பாடியவை. சக் பெர்ரி செஸ் கம்பெனியில் பாடிப் புகழ்பெற்றவர். மெர்க்குரிக்கு மாறியபின் 1967இல் 'கோல்டன் ஹிட்ஸ்' வந்தது, அதிலும் இதே கதை. தலைப்பைப் படித்தால் யாருக்கும் பழைய பதிவுகளின் தொகுப்பு என்றுதான் தோன்றும். இடைப்பட்ட பத்து வருஷத்தில் வாசித்த ஆட்கள் வேறு, ஸ்டூடியோ வேறு, பாடகருக்கு வயதும் ஏறியிருக்கிறது. இவர்களாவது பெரிய கம்பெனியில் ஒழுங்காகப் பாடினார்கள். எண்பதுகளில் மலிவுத் தொகுப்புகளுக்காகச் செய்யப்பட்ட பதிவுகளில் டிரம்ஸுக்குப் பதில் மிஷின் தட்டும். 1957இன் பாட்டு கல்யாண வீட்டு கீபோர்டு கச்சேரி மாதிரி கேட்கும்.

குழுப்பாட்டு என்றால் இன்னும் மோசம். ஐந்து பேர் பாடிய குழுவில் ஒருவர் மிஞ்சியிருந்தாலும், முன்னணிக் குரலாக இல்லாமல் பின்னால் ஆலாபனை பாடியவராக இருந்தாலும், அந்தப் பெயரில் பதிவு வந்துவிடும். என் பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த 'ஒருவராலோ சிலராலோ' அதுதான்.

இதையே நேர்மையாகச் செய்யவும் முடியும். டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப்பதிவு 2019இல் அவர் விருப்பத்துக்கு மாறாக வேறு கைக்குப் போனது. 2021 முதல் 2023 வரை அவற்றில் நான்கைத் திரும்பப் பாடி வெளியிட்டார். ஒவ்வொன்றின் தலைப்பிலும், ஒவ்வொரு பாட்டின் பெயருக்குப் பக்கத்திலும் 'டெய்லர்ஸ் வெர்ஷன்' என்று போட்டார், அட்டைப் படமும் புதிது. எது பழசு எது புதுசு என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திரும்பப் பாடியது என்பதை மறைக்காமல், அதையே வாங்குவதற்கான காரணமாகச் சொல்லி விற்றார், நன்றாகவும் விற்றது. 2025இல் பழைய பதிவுகளையும் அவரே வாங்கிவிட்டார். இப்போது எதை வாங்கினாலும் காசு அவருக்கே.

இனி அசல் பதிவு. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டியது இதுதான் என்றால் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். ரீமாஸ்டர் என்பது அசல் ஒலிநாடாவையே எடுத்துத் தூசு தட்டி, ஒலியைச் சீர்செய்வது, குரலும் வாத்தியமும் அன்று பதிந்தவைதான். ரீரெக்கார்டட் என்றால் மறுபடி பாடியது. இரண்டும் 'ரீ'யில்தான் ஆரம்பிக்கிறது. செல்போன் திரையில் பாட்டுப் பெயர் நீளமாக இருந்தால் வால் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிதான் தெரியும். அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் எது இருக்கிறது என்று ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்.

சிடியில் எனக்கு மிகவும் உதவியது மூன்றெழுத்துக் குறி. பல சிடிகளின் பின்பக்கத்தில் ஏஏடி, ஏடிடி, டிடிடி என்று ஏதாவது ஒன்று சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். முதல் எழுத்து பாடும்போது எந்த வகை டேப்பில் பதிந்தார்கள் என்பதைச் சொல்கிறது. ஏ என்றால் அனலாக், டி என்றால் டிஜிட்டல். 1958இல் டிஜிட்டல் டேப் ஏது? ஐம்பதுகளின் பாட்டு என்று விற்கும் சிடியில் டிடிடி என்று இருந்தால் அது பிற்காலத்தில் பாடியது, விசாரணையே வேண்டாம். எல்லா சிடியிலும் இந்தக் குறி இருக்காது என்பதுதான் குறை.

ஸ்டீரியோவும் துப்புக் கொடுக்கும். ஸ்டீரியோ எல்பிகள் கடைக்கு வந்ததே 1958 வாக்கில். 1955இன் பாட்டு இடது காதில் கிட்டார், வலது காதில் பியானோ என்று பளிச்சென்று பிரிந்து கேட்டால் சந்தேகப்படலாம். இரண்டு காதிலும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ பதிவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியும் விற்றிருக்கிறார்கள், ஆனால் அது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும், இப்படிப் பிரியாது. வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்து போட்டு ஓர் ஆண்டு இருக்கும், அது ஒலிப்பதிவு உரிமையின் ஆண்டு. அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம், ரீமாஸ்டருக்கும் தொகுப்புக்கும்கூடப் புது ஆண்டு போடுவார்கள். பாட்டின் நீளத்தை நொடிக் கணக்கில் அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதைவிட நம்பகமானது. ஐந்தாறு நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கொஞ்சம் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அட்டையில் சில சொற்களுக்கு என் வீட்டில் இப்போது அகராதியே இருக்கிறது. 'ட்ரிப்யூட்', 'இன் தி ஸ்டைல் ஆஃப்', 'மேட் ஃபேமஸ் பை' இந்த மூன்றும் கவர் வெர்ஷன். மூன்றாவதில் நட்சத்திரத்தின் பெயர் கொட்டை எழுத்திலும் முன்னால் வரும் சொற்கள் எறும்பு எழுத்திலும் இருக்கும். 'ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட்' என்றால் திரும்பப் பாடியதாக இருக்கலாம். 'ஒரிஜினல் ரெக்கார்டிங்' என்றால்தான் அசல். ஆன்லைனில் பெரும்பாலும் முன்பக்கப் படம் மட்டும் போடுவார்கள். பின்பக்கப் படம் கேளுங்கள், தராவிட்டால் அங்கே வாங்காதீர்கள். நான் கேட்கவில்லை.

சரி, யார் எதை எடுப்பது? ஞாபகத்துக்காகக் கேட்கிறவருக்கு, அதாவது பெரியவர்களுக்குப் பரிசாகக் கொடுப்பதற்கு, அசல் பதிவைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். கரகரப்பு இருந்தாலும் பரவாயில்லை, அவர்களுக்கு அந்தக் கரகரப்பும் பாட்டுதான். பழைய இந்திய சினிமாப் பாட்டு என்றால் அந்த எச்எம்வியே இன்று சரிகமா என்ற பெயரில் இருக்கிறது. அவர்கள் வெளியீடுகளும், பாட்டுகளை உள்ளேயே நிரப்பி விற்கும் கேரவான் மாதிரிப் பெட்டிகளும் தொந்தரவில்லாத வழி. தேடி அலைய வேண்டாம், ஆனால் அவர்கள் உரிமையில் இல்லாத பாட்டு அதில் வராது.

பாடகருக்குக் காசு போய்ச்சேர வேண்டும் என்று நினைக்கிறவர்கள், திரும்பப் பாடியதை அவரே அறிவித்து வெளியிட்டிருந்தால் அதை எடுக்கலாம். பெயர் தெரியாத தொகுப்புக் கம்பெனியிடமிருந்து வாங்குவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்றைக்கு ஒரே தொகையாகக் கொடுத்து முடித்த வேலையாகவும் இருக்கலாம். பள்ளி ஆண்டு விழா, அலுவலக நிகழ்ச்சி, பாட்டுப் பழகுவது இதற்கெல்லாம் கவரும் கரோக்கியும் தாராளமாகப் போதும். சில சமயம் அசலைவிட சுருதி சுத்தமாக இருக்கும்.

விலையை வைத்து முடிவெடுத்தது கேசட் காலம். அன்றைக்குப் பாதி விலைக்குக் கிடைத்த கவரை வாங்கியதில் ஒரு நியாயம் இருந்தது. இன்றைக்கு ஸ்ட்ரீமிங்கில் அசலுக்கும் போலிக்கும் ஒரே சந்தாதான். அங்கே தெரியாமல் கவரைக் கேட்டுக்கொண்டிருப்பதில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது.

பெரியப்பாவுக்கு நீளத்தை ஒப்பிட்டு, பதிவு விவரம் பார்த்து, அசல் பதிவுகளாகக் காசு கொடுத்து இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தச் சிடி பெட்டியையும் தூக்கிப் போடவில்லை. போன வாரம் போனபோது அலமாரியில் இருந்தது, எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் பாட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒவ்வொன்றுக்கும் 'பு' என்று போட்டிருந்தார், புதுசு என்பதற்கு. அறுபதில் பதினேழு பாட்டுக்கு மட்டும் எதுவும் போடவில்லை.